வீடியோ கன்வர்ட்டர் கையேடு: முதல்முறை தொடுபவருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

காட்பாடி கணினி

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் சின்னதாக ஒரு கணினி வகுப்பு நடத்துகிறேன். மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு எக்செல் வேண்டாம், டைப்பிங் வேண்டாம். வீட்டில் பழைய கல்யாண சிடி, டிவிடி இருக்கிறது, அது பேரப்பிள்ளைகளின் போனில் ஓட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். வீட்டிலேயே ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறார். ஒரு மென்பொருளின் கையேட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். அவருடைய டிவிடிக்குள் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘விஓபி’ என்று முடிகிற ஆறு கோப்புகள். கையேட்டில் ‘மூலக் கோப்பைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரே வரி. அவரும் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து மாற்றியிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்பு வந்தது, பெண் மணவறைக்கு வந்தார், அத்தோடு படம் நின்றுவிட்டது.

“தாலி கட்டுறது மட்டும் காணோம் தம்பி, டிவிடி கெட்டுப் போச்சா?” என்று கேட்டார்.

டிவிடி கெடவில்லை. டிவிடியில் படம் ஒரு கோப்புக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகாமல் துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு துண்டைக் காட்டக் கூடாது, அந்த ஃபோல்டரையே காட்ட வேண்டும். அப்போது மென்பொருள் துண்டுகளைச் சேர்த்து முழுப்படமாக எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வாக்கியம் அந்தக் கையேட்டின் நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. மெனுவில் இருக்கிற ஒவ்வொரு பொத்தானுக்கும் விளக்கம் இருக்கிறது. ஒரு டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரை நினைத்து எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

அதனால் நானே தமிழில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீடியோவை ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிற ஹேண்ட்பிரேக் மென்பொருளுக்கு. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், விளம்பரம் கிடையாது. மெனுவைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி எழுதப் போவதில்லை. ‘உங்கள் கையில் இருப்பது என்ன? அது எங்கே ஓட வேண்டும்?’ என்ற இரண்டு கேள்வியில் ஆரம்பிக்கப் போகிறேன். டிவிடியா, விசிடியா, போனில் எடுத்ததா, கேமரா கேசட்டில் இருந்து ஏற்றியதா? போனுக்கா, டிவிக்கா, வாட்ஸ்அப்புக்கா?

இன்னொரு சிக்கல். ஹேண்ட்பிரேக்கில் முதல் பொத்தானின் பெயர் ‘ஓப்பன் சோர்ஸ்’. மூலக் கோப்பைத் திற என்று அர்த்தம். என் வகுப்பில் விவரம் தெரிந்த ஒரு பையன், அது ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதற்கான அறிவிப்பு என்று நினைத்து அதைத் தொடவே இல்லை. இப்படி உங்களுக்குத் தெரிந்த இடறல்களைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

குடியாத்தம் டீச்சர்

நல்ல வேலை தம்பி. நான் தமிழாசிரியை, மென்பொருள் ஆள் இல்லை. பள்ளி ஆண்டு விழா வீடியோவை மாற்றுகிற பொறுப்பு என் தலையில் விழுந்ததால் இந்தக் கையேடுகளோடு நானும் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நன்னூலில் ஒரு நூலுக்கு வரக் கூடாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் என்று போகும் அந்த வரிசை. நான் படித்த ஒரு கையேட்டில் இந்த ஐந்தும் முதல் மூன்று பக்கத்திலேயே இருந்தன. முதல் பக்கத்தில் ‘வெளியீட்டு வடிவம்’, இரண்டாம் பக்கத்தில் அதையே ‘இலக்கு ஃபார்மட்’, மூன்றாம் பக்கத்தில் ‘கன்டெய்னர்’. மூன்றும் ஒன்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வேறு வேலை என்று நினைத்து மூன்றையும் தேடினேன். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கையேட்டில் அது தலைகீழ். ஒரு பொருளுக்கு ஒரு சொல், கடைசிப் பக்கம் வரைக்கும் அதே சொல்.

தமிழ்ச்சொல் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். எனக்குக் கலைச்சொல் மேல் பிரியம் அதிகம், அதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆனாலும் திரையில் ‘ஸ்டார்ட் என்கோட்’ என்று இருக்கும்போது கையேட்டில் ‘குறியாக்கத்தைத் தொடங்கு பொத்தானை அழுத்தவும்’ என்று எழுதினால் அந்தப் பொத்தானைத் தேடி ஓர் அரை மணி நேரம் போகும். திரையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் பெரிதாக அச்சிடுங்கள், கீழே தமிழில் எப்படி வாசிப்பது என்று போடுங்கள், அதற்கும் கீழே அது என்ன செய்யும் என்று ஒரு வரி. கலைச்சொல் வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தில் வைக்கலாம். நானே தொகுத்துத் தருகிறேன்.

சத்துவாச்சாரி வீடியோ

காட்பாடி தம்பிக்கு வணக்கம். நான் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். விஎச்எஸ் கேசட் காலத்தின் கடைசியில் தொழிலுக்கு வந்து, மினிடிவி என்கிற சின்ன டிஜிட்டல் கேசட், டிவிடி, மெமரி கார்டு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கொண்டுவருகிற கோளாறுகள் நாலைந்துதான். அவற்றைச் சொல்கிறேன், உதவும்.

முதலாவது, பென்டிரைவ். “32 ஜிபி பென்டிரைவ் அண்ணா, காலியாத்தான் இருக்கு, ஆனா படம் ஏறமாட்டேங்குது.” பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. படத்தின் அளவை முன்கூட்டியே கணக்குப் போடலாம், கையேட்டில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். படத்தின் ஒரு வினாடி 5 மெகாபிட் எடுத்துக்கொள்கிறது என்றால், ஒரு மணி நேரத்துக்கு 5 பெருக்கல் 3600, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அதை 8-ஆல் வகுத்தால் 2250 மெகாபைட். கிட்டத்தட்ட இரண்டேகால் ஜிபி. இரண்டு மணி நேரப் படம் நாலரை ஜிபி, ஃபேட்32 பென்டிரைவில் ஏறாது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்கலாம், ஆனால் பழைய டிவி சிலவற்றுக்கு அது புரியாது. படத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் நம் ஊர் வீடுகளுக்குச் சரிவரும்.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். பாதி மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த எம்பி4 கோப்பு திறக்காது. எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை எம்பி4-இல் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். அட்டவணை இல்லாத கோப்பை எந்த பிளேயரும் படிக்காது. ஜிபி கணக்கில் அளவு காட்டும், ஆனால் ஓடாது. மக்கள் வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். ‘பாதியில் நின்றால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பியுங்கள், உங்கள் பழைய கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது’ என்று ஒரு வரி போட்டால் எத்தனையோ பேருக்கு நிம்மதி.

அப்புறம் வெயில். சிரிக்காதீர்கள், சித்திரை, வைகாசியில் வேலூர்ச் சூடு எப்படி என்று உங்களுக்கே தெரியும். மாற்றும் வேலை கணினியின் பிராசசரை முழு வேகத்தில் ஓட வைக்கும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் சூடேறி வேகம் குறையும், சில சமயம் தானாகவே அணைந்துவிடும். மேசை மேல் வைத்து ராத்திரியில் ஓட விடச் சொல்லுங்கள். எந்தக் கையேட்டிலும் இது இருக்காது, ஏனென்றால் எழுதுகிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. முதல் பக்கத்தில், முதல் வரியில், கட்டம் கட்டிப் போடுங்கள்: மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றுகிற ஒவ்வொரு முறையும் படத்தில் கொஞ்சம் போய்விடும், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. போனுக்காகச் சின்னதாக்கிவிட்டு மூலத்தை அழித்தவர்கள் அடுத்த வருடம் டிவிக்குப் பெரிதாகக் கேட்டு வருகிறார்கள். சின்னதை 1080 ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும், போன முகம் திரும்பாது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் இருக்கிற வீடியோ இது ஒன்றுதான் என்று நிற்பவரிடம் நான் என்ன சொல்ல?

ஆற்காட்டுக்காரர்

ஐயா, நான் கணினிக்குப் புதியவன். ஆனால் என்னிடம் இருக்கும் சரக்கு பெரியது. என் தகப்பனார் தெருக்கூத்துக் கலைஞர். 2004-இல் எங்கள் ஊர் பாரத விழாவில் அவர் துரியோதனன் வேடம் கட்டிய பதினெட்டாம் போர் கூத்தை விடிய விடிய மினிடிவி கேசட்டில் எடுத்தார்கள். ஒருவர் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். ஏவிஐ என்று முடிகிறது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஒவ்வொன்றும் 13 ஜிபி. டிவியில் ஓடவில்லை.

நானே ஒன்றை மாற்றிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் இரண்டு குறை. கட்டை என்கிற மர அணிகலன் கட்டிய துரியோதனன் நின்று பேசும்போது நன்றாக இருக்கிறது. சுழன்று ஆடும்போது புஜக்கட்டையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிகிறது. இரண்டாவது, ஆள் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறார். என் தகப்பனார் நல்ல ஆகிருதி. என்ன தவறு செய்தேன் என்று எந்தக் கையேட்டைப் பார்த்தும் புரியவில்லை. எந்தப் பெயரில் தேடுவது என்றே தெரியவில்லை.

காட்பாடி கணினி

ஐயா, நீங்கள் தவறே செய்யவில்லை. அந்தக் கேசட் கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுக்காது. ஒற்றைப்படை வரிகளை ஒரு முறை, இரட்டைப்படை வரிகளை அடுத்த முறை, இப்படி வினாடிக்கு 50 அரைப்படங்கள். பழைய டிவிக்கு அது பொருந்தும். கணினியிலும் போனிலும் இரண்டு அரைப்படங்களும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். ஆள் அசையாமல் இருந்தால் கோடு தெரியாது. சுழன்றால், இரண்டு அரைக்கும் நடுவில் கை நகர்ந்திருக்கும், அதுதான் சீப்புப் பல். ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபில்டர்ஸ்’ பக்கத்தில் ‘டிஇன்டர்லேஸ்’ என்று இருப்பதில் ‘யாடிஃப்’ தேர்ந்தெடுங்கள்.

ஒல்லியாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அந்தப் படம் 720-க்கு 576 புள்ளி. ஆனால் புள்ளிகள் சதுரமானவை அல்ல, கொஞ்சம் அகலமானவை. சதுரப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு காட்டினால் படம் குறுகும். சரியாகக் காட்டினால் அகலம் 768 அளவுக்கு வரும். உங்கள் தகப்பனாரின் ஆகிருதி கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பொருளடக்கத்தைக் கிழித்துப் போட்டேன். நான் ‘டிஇன்டர்லேஸ் என்றால் என்ன’ என்று ஓர் அத்தியாயம் வைத்திருந்தேன். அந்தச் சொல் தெரிந்தவருக்குத்தான் அந்த அத்தியாயம் கண்ணில் படும். இனி தலைப்பு ‘ஆள் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால்’. அடுத்தது ‘ஆள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால்’. ‘வாய் அசைவும் சத்தமும் சேராவிட்டால்’, ‘படம் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால்’. கண்ணால் பார்ப்பதுதான் தலைப்பு. காரணமும் பெயரும் அதற்குக் கீழே.

ராணிப்பேட்டை நிரல்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் நிரல் எழுதுகிறவன், வீடியோ மாற்றுகிற எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறேன். அது 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பித்த திட்டம். ஹேண்ட்பிரேக் உட்படப் பல மென்பொருள்கள் உள்ளுக்குள் அதன் நிரல் தொகுப்புகளைத்தான் பயன்படுத்துகின்றன. கோளாறும் மருந்துமாக மட்டும் எழுதினால் படிப்பவர் எதையும் புரிந்துகொள்ளமாட்டார், பட்டியலில் இல்லாத கோளாறு வந்தால் திணறுவார். ஒரே ஒரு விஷயமாவது முதலிலேயே விளங்க வேண்டும்: எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் பாத்திரம். உள்ளே எச்.264, எச்.265 என்கிற முறைகளில் சுருக்கி வைத்த படம்தான் பண்டம். எச்.264 தரம் 2003-இல் வந்தது, எச்.265 2013-இல். அதனால்தான் புதிய போனில் எடுத்தது பழைய டிவியில் ஓடுவதில்லை. இரண்டும் எம்பி4 என்றே முடியும், உள்ளே இருப்பது வேறு. ‘ரெண்டுமே எம்பி4 தானே, இது ஓடுது, அது ஏன் ஓடல’ என்ற கேள்விக்கு இது தெரியாமல் பதில் இல்லை.

இன்னொன்று. பண்டம் சரியாக இருந்து பாத்திரம் மட்டும் வேறாக இருந்தால், மாற்றவே தேவையில்லை. அப்படியே எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்தால் போதும், சில வினாடி வேலை, தரமும் குறையாது. ஹேண்ட்பிரேக்கால் இது முடியாது, அது படத்தை எப்போதும் புதிதாகத்தான் சமைக்கும். எஃப்எஃப்எம்பெக், அவிடெமக்ஸ் இரண்டிலும் ‘காப்பி’ என்று சொன்னால் நடக்கும். இது தெரியாமல் ஒரு மணி நேரம் கணினியைக் காயவிட்டு, தரத்தையும் இழக்கிறார்கள்.

குடியாத்தம் டீச்சர்

பாத்திரம், பண்டம் எனக்குப் புரிந்தது, அது இருக்கட்டும். எந்த வருடம் எந்தத் தரம் வந்தது என்பது மற்றொன்று விரித்தல். அது பின்னிணைப்புக்குப் போகட்டும் தம்பி.

நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். ‘மாற்ற வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.’ எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் மாற்றாதீர்கள். எங்கள் பள்ளி விழா வீடியோவை நான் மூன்று முறை மாற்றினேன். அப்புறம் தெரிந்தது, மூலக் கோப்பே அந்த டிவியில் ஓடும் என்று.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைக்கிற, அந்த ஆர்எஃப் என்கிற எண். அதைக் கூட்டினால் படம் மோசமாகிறது, குறைத்தால் நன்றாகிறது. எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகள் மாற்றியே பிடிக்கிறார்கள். போன வாரம் தறி வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் உடனே பிடித்துக்கொண்டான். “நூல் நம்பர் மாதிரி டீச்சர். நாப்பதாம் நம்பரை விட எண்பதாம் நம்பர் மெல்லிசு. நம்பர் ஏற ஏற மெலியும்.” குடியாத்தத்தில் லுங்கித் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது கையில் இருக்கிற அறிவு. ஆர்எஃப் ஏற ஏறக் கோப்பு மெலியும். கையேட்டில் போடலாமா?

சத்துவாச்சாரி வீடியோ

டீச்சர், உதாரணம் அருமை, ஆனால் ஓர் எச்சரிக்கை. எண்பதாம் நம்பர் நூல் உயர்ந்த ரகம், விலையும் அதிகம். படம் அப்படி இல்லை, மெலிந்தால் தரமும் குறையும். ‘நம்பர் ஏறினால் மெலியும்’ என்பதோடு நிறுத்தி, ‘மெலிந்தால் முகத்தில் கட்டம் கட்டமாக விழும்’ என்று சேர்த்துவிடுங்கள். எண்ணையும் கொடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்காரர்களே 1080 படத்துக்கு 20 முதல் 24 வரை, டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்றுதான் சொல்கிறார்கள். புதியவர் அதற்குள் நிற்கட்டும்.

காட்பாடி கணினி

எல்லாருக்கும் நன்றி. ராணிப்பேட்டை நண்பர் சொன்ன பாத்திரமும் பண்டமும் மூன்றாம் பக்கம் ஏறுகிறது, பாதிப் பக்கம்தான். முதல் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். அப்படியே கீழே:

‘உங்கள் பழைய கோப்பை, டிவிடியை, கேசட்டை அழிக்காதீர்கள். இந்த வேலை முடிந்த பிறகும் அழிக்காதீர்கள்.

படம் எங்கே ஓட வேண்டுமோ அங்கே முதலில் போட்டுப் பாருங்கள். ஓடினால் இந்தக் கையேடு உங்களுக்குத் தேவையில்லை.

ஓடவில்லையா? உங்கள் கையில் இருப்பது டிவிடி என்றால் 2-ஆம் பக்கம். போனில் எடுத்தது என்றால் 3. கேசட்டில் இருந்து ஏற்றியது என்றால் 4. கூட்டம் குறைந்த பழைய விசிடி என்றால், அதில் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டருக்குள் ‘டேட்’ என்று முடிகிற கோப்பு இருக்கும், அதை எடுத்துக்கொண்டு 5.

எதைச் செய்தாலும் முழுப் படத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதலில் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, போட்டுப் பார்த்து, சரி என்றால் மிச்சம்.’

அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஹேண்ட்பிரேக்கில் ‘ரேஞ்ச்’ என்ற இடத்தில் ‘செகண்ட்ஸ்’ என்று மாற்றி, 0 முதல் 60 வரை கொடுத்தால் போதும். தப்பு செய்தாலும் ஒரு நிமிடத்தின் தப்புதான்.

ஆற்காட்டு ஐயா, ஓர் உதவி. முதல் நாலு பக்கத்தை அச்செடுத்து அனுப்புகிறேன். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் குறிக்கட்டும்.

சத்துவாச்சாரி வீடியோ

தம்பி, ‘கூட்டம் குறைந்த பழைய விசிடி’ என்று ஏதோ தட்டச்சுப் பிழை. ‘பழைய விசிடி’ போதும். கூத்துக்கு ஆரம்ப நிமிடத்தை எடுக்காதீர்கள், ஆட்டம் வருகிற நிமிடத்தை எடுங்கள். நிற்கிற ஆளைப் பார்த்தால் சீப்புப் பல் போனதா என்று தெரியாது.

ஆற்காட்டுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தம்பி மகள் பக்கத்தில் நோட்டோடு. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தது பெரிய பாடு.

முதல் பக்கம் தடையில்லை. நாலாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் நின்றேன். ‘யாடிஃப்’ தேர்ந்தெடுத்த பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது, அதை என்ன செய்வது என்று எழுதவில்லை. நான் தொடாமல் விட்டேன், சரியாகத்தான் வந்தது. ‘மற்றதைத் தொட வேண்டாம்’ என்று போட்டுவிடுங்கள்.

இரண்டாவது இடத்தில்தான் இருபது நிமிடம் போனது. மாற்றி முடிந்தது என்று திரை சொல்லிவிட்டது. கோப்பு எங்கே போனது? டெஸ்க்டாப்பில் இல்லை, பழைய ஏவிஐ இருந்த இடத்திலும் இல்லை. கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை, திரையின் அடியில் ‘சேவ் அஸ்’ என்பதற்கு எதிரில் இருந்த நீள வரியைக் காட்டினாள். ‘வீடியோஸ்’ ஃபோல்டரில் இருந்தது.

ஒரு நிமிடம் சரியாக இருந்ததால் ராத்திரி முழுக் கேசட்டையும் விட்டேன். 13 ஜிபி, ஒன்றேமுக்கால் ஜிபியாக வந்தது. காலையில் டிவியில் போட்டோம். கோடு இல்லை. தகப்பனார் தகப்பனார் மாதிரியே இருந்தார். அம்மா எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அந்தக் கேசட் முடிகிற வரைக்கும் உட்காரவில்லை.

காட்பாடி கணினி

ஐயா, மிக்க மகிழ்ச்சி. விசிடி வரியைத் திருத்திவிட்டேன். நாலாம் பக்கத்தில் ‘மற்றதைத் தொட வேண்டாம்’ சேர்த்தாயிற்று. ‘ஸ்டார்ட் என்கோட்’ அழுத்துவதற்கு முந்தைய படியாக, எல்லாப் பக்கத்திலும், இது வருகிறது: ‘திரையின் அடியில் “சேவ் அஸ்” வரிக்கு எதிரில் “பிரவுஸ்” அழுத்தி, டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் உங்கள் படம் அங்கேதான் இருக்கும்.’

மிச்சக் கேசட்டுகளை மாற்றுவதற்கு முன் அந்த ஏவிஐ கோப்புகளை இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். டிஸ்க் இல்லாவிட்டால் சொல்லுங்கள், அடுத்த வாரம் ஆற்காடு பக்கம் வருகிறேன், கொண்டுவருகிறேன்.